தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்

எனக்குப் பயம் வந்தால் ஒரு கருவி செய்வேன். சிலர் விபூதி பூசிக்கொள்வார்கள், சிலர் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்கள். நான் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுவேன். சமையலறையில் கேஸ் கசிந்துவிடுமோ என்று பயந்து ஓர் அலாரம் செய்து மாட்டினேன். அது தாளிக்கும்போதெல்லாம் கத்தியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த என் மனைவி அதைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டுவிட்டாள். “கடுகு வெடிச்சாலே ஊரைக் கூட்டுது. நெஜமா கேஸ் கசிஞ்சா யாருங்க நம்புவாங்க?” என்றாள்.

மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. இருக்கைக்கு அடியில் அவள் எங்கே போகிறாள் என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஒட்டிவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் என் வலைப்பதிவில் படத்தோடு எழுதினேன். அவள் அதைப் படிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்துவிட்டுக் கருவியைக் கழற்றிப் பால்காரர் வண்டியில் மாட்டிவிட்டாள். அன்று காலை என் மகள் தஞ்சாவூரின் அத்தனை தெருவுக்கும் போய் வந்ததைத் திரையில் பார்த்தபடி நான் வெலவெலத்து உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

என் வேலையே இப்படிப்பட்டதுதான். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி மென்பொருளில் தவறு கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். எதையாவது பார்த்தால் இது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைச் சாயங்காலம் கழற்றி வைக்கத் தெரியவில்லை. கொரோனா காலத்தில் சென்னையை விட்டுச் சொந்த ஊர்ப்பக்கம் வந்து, பூதலூர் போகும் சாலையில், வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் வீடு கட்டிக்கொண்டோம். மனைவிக்குப் பூதலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. ரயிலில் போய் வருகிறாள். மகள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், இப்போது பத்தாம் வகுப்பு.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தாண்டினால் ஒரு வாய்க்கால். மனையைக் காட்டிய தரகர் அதைப் பெரிய சிறப்பாகச் சொன்னார். நான் அன்றைக்கே அது எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. ஐந்தாவது படிக்கும்போது என் வகுப்புப் பையன் ஒருவன், ஆற்றில் அந்த வருடம் வந்த புதுத் தண்ணீரில் குளிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு என் அப்பா என்னை ஆற்றுப் பக்கமே விடவில்லை. அப்பா போனபின்பும் அந்தத் தடையை நானே காப்பாற்றி வருகிறேன்.

ஆகவே வாய்க்காலுக்கும் ஒரு கருவி. வாய்க்காலைக் கடக்க ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் பக்கவாட்டில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டு அதற்குள் சென்சாரை வைத்தேன். அது கீழே ஒலியை அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று என் வலைப்பதிவுக்கு அனுப்பும். அங்கே அது ஒரு கோடாக ஓடும். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும், வற்றினால் தரையோடு படுத்துவிடும்.

டப்பாவைத் தாங்க வெல்டிங் பட்டறையில் சொல்லி ஓர் இரும்புக் கிளாம்ப் அடித்து வாங்கினேன். நான்கு போல்ட், கைக்கட்டைவிரல் பருமன். என் பதிவுகளை விடாமல் படிக்கிற ஒரே வாசகர் திருப்பனந்தாளில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒற்றுப்பிழை தவறாமல் திருத்துவார். கிளாம்ப் படத்தைப் பார்த்துவிட்டு, “சோப்பு டப்பா அளவுப் பெட்டிக்கு இவ்வளவு இரும்பா? இதில் யானையையா கட்டப் போகிறீர்கள்?” என்று எழுதியிருந்தார். மகள் அதைச் சத்தமாக வாசித்து வாசித்துச் சிரித்தாள். அந்தக் கிளாம்ப்பை மாட்டியதே அவள்தான். நான் பாலத்தின் மேல் குப்புறப் படுத்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் தலைகீழாகத் தொங்கி ஸ்பானரைத் திருகினாள். வாய்க்கால் அப்போது காய்ந்து கிடந்தது. அப்படியும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பிறகு மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. குறுவை நடவு தொடங்கியது. கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதில் ஒரு நிம்மதி. ஒரே ஒரு குறை, டப்பாவின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருந்தது. “வாய்க்காலில் தண்ணீர் இல்லாத ஒரு நாளில் இறங்கி மாற்ற வேண்டும்” என்று ஒரு பதிவில் எழுதிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நடக்கப் போனபோது வாய்க்கால் ததும்பிக்கொண்டிருந்தது. கீழே மதகில் பலகை இறக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். மேட்டு வயல்களுக்கு ஏறிப் பாய வேண்டும் என்றால் எப்போதும் செய்வதுதான். டப்பாவின் அடிப்பாகத்தைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருந்தது. பாலத்தில் நின்றபடியே போனில் ஒரு வரி பதிவு போட்டேன்: “நடவுக்காக மதகில் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்.”

வீட்டுக்கு வந்து கோட்டைப் பார்த்தால் அது தரையோடு படுத்திருந்தது. சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சென்சாருக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற பொருள் தெரியாது. தண்ணீர் அதன் மூக்கு வரைக்கும் வந்துவிட்டால் அது குழம்பி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். நிரம்பி வழிகிற வாய்க்காலும் வறண்ட வாய்க்காலும் என் வலைப்பதிவில் ஒரே மாதிரிதான் தெரியும். சாயங்காலம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை என்றும் பார்க்காமல் கம்பெனியில் ஒரு மீட்டிங் வைத்திருந்தார்கள். மனைவிக்கும் பள்ளி இருந்தது. மகள் மட்டும் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். “அப்பா, போர் அடிக்குது” என்று கதவருகில் வந்து நின்றவளைக் கையைக் காட்டிப் போகச் சொன்னேன்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. மாடியிலும் இல்லை. சைக்கிள் இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே என் வேலை மேஜைக்குப் போனேன். சார்ஜரில் போட்டிருந்த புதுப் பேட்டரி அங்கே இல்லை. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரும் இல்லை.

அவளுடைய போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. தொட்டதும் திரை விழித்துக்கொண்டது. என் வலைப்பதிவுதான் திறந்திருந்தது. தரையோடு படுத்த கோடு. அதற்கு மேலே என் வரி.

அந்த வரியை நான் அப்போதுதான் முதல் தடவை படித்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த பேச்சு வேறு. “வயல்ல தண்ணிய நிறுத்துடா” என்று என் அப்பா கத்தினால், வெளியே போக விடாதே, உள்ளேயே நிற்க வை என்று அர்த்தம். தண்ணீரை நிறுத்தினால் தண்ணீர் நிற்கும், இடுப்புக்கு, கழுத்துக்கு, ஆளுயரத்துக்கு நிற்கும். என் மகள் வளர்ந்த அடுக்குமாடியில் காவலாளி வந்து கதவைத் தட்டிச் சொல்வார், “தண்ணி நிறுத்திட்டாங்க மேடம், மோட்டார் ரிப்பேர்.” குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அவள் அறிந்த நிறுத்தம் அது. பேட்டரி மாற்றத் தண்ணீர் இல்லாத நாள் வேண்டும் என்று எழுதியவன் நான். இன்று தண்ணீர் இல்லை என்று எழுதியவனும் நான்தான். கோடும் அதையே சொல்லிற்று.

செருப்புப் போட்டேனா என்று தெரியாது. வரப்பில் ஓடினேன். பாதி நடவு முடிந்த வயலில் ஒரு பெண்கூட இல்லை, சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஓடும்போது மனம் சும்மா இருக்கவில்லை. பார்த்தவுடனே தெரிந்திருக்குமே, தண்ணீர் கண்ணுக்குத் தெரியுமே, தெரிந்தும் இறங்குவாளா என்றது. அவள் இறங்க மாட்டாள், பாலத்தின் மேலிருந்து தொங்குவாள், இந்தத் தடவை இடுப்பைப் பிடிக்க யாரும் இல்லை என்று அதுவே பதிலும் சொன்னது. எனக்கு அழக்கூட மூச்சு இல்லை.

பாலத்தில் சைக்கிள் சாய்ந்து நின்றது. அதன் அருகே செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. கைப்பிடியில் ஒரு துணிப்பை, அதற்குள் பேட்டரி, ஸ்க்ரூடிரைவர். அவள் இல்லை. வாய்க்கால் ஆடாமல் அசையாமல் பழுப்பாக நிறைந்து கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது. பாலத்தை ஒட்டி ஆகாயத்தாமரை ஒதுங்கியிருந்தது, நடுவில் ஓர் இடம் மட்டும் விலகித் தண்ணீர் தெரிந்தது. அவள் விழுந்த இடம் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இறங்கினேன். பாலத்து ஓரத்தில் கருங்கல் அடுக்கியிருப்பார்கள், அதில் கால் வைத்து இறங்கினேன். இடுப்பு வந்தது, மார்பு வந்தது. அடியில் சேறு பாதத்தைப் பிடித்துக்கொண்டது. கையை நீட்டித் தண்ணீருக்குள் துழாவினேன். துணி ஒன்று சிக்கியது. அந்த நொடியை இப்போதும் என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை. இழுத்தால் உரச்சாக்கு. அதைத் தள்ளிவிட்டு இன்னும் ஓர் அடி வைத்தேன். அங்கே பள்ளம் இருந்தது.

மூக்கில் தண்ணீர் ஏறியது. கைக்கு ஏதோ இரும்பு தட்டியது, பிடித்துக்கொண்டேன். என் கிளாம்ப்தான். தலையை வெளியே தூக்கி இருமினேன். இருமி முடிப்பதற்குள் தண்ணீர் நகர ஆரம்பித்தது. சும்மா நின்றுகொண்டிருந்த வாய்க்கால் மெல்ல என் முழங்காலைப் பிடித்து மதகுப் பக்கம் இழுத்தது. நீந்தத் தெரிந்தவன் அதைப் பார்த்துச் சிரித்திருப்பான். நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மகளைக் காணாமலே சாகப் போகிறேன் என்றுதான் இருந்தது.

“அப்பா? என்னப்பா பண்றீங்க அங்க?”

கரையில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு குறையும் இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபமும் இல்லை. உடம்பே லேசாகிவிட்டது, பிடியும் அதோடு தளரப் பார்த்தது.

“எங்கடி போன?” என்று கேட்க நினைத்தேன், தண்ணீர்தான் வாயிலிருந்து வந்தது.

“மதகுக்குப் போனேன்ப்பா. வந்து பாத்தா இவ்ளோ தண்ணி. உங்க டப்பா முங்கப் போவுது. அங்க ஒருத்தர் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தாரு, ஒரு பலகை எடுங்கன்னு கேட்டேன். வயலுக்குப் போதும், நானே எடுக்கத்தான் வந்தேன், நீ போ, எடுக்கறேன்னாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். “அப்பா, உங்களுக்கு நீச்சல் தெரியாதுல்ல?”

வரப்புச் சேறு இழுக்கும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இப்போது அவள் கருங்கல் மேல் கால் வைத்து இறங்க ஆரம்பித்திருந்தாள்.

“இறங்காத. அங்கயே நில்லு. ஆளைக் கூப்பிடு” என்றேன்.

“கெட்டியா புடிச்சிக்குங்க.”

“சொன்னா கேளு, இறங்காத.”

அவள் கேட்கவில்லை. அவளுக்கும் நீச்சல் தெரியாது. ஒரு கையால் பாலத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கால், இடுப்பு என்று வந்தாள். அதைத் தடுக்கத்தான் நான் வீட்டிலிருந்து ஓடி வந்தேன். அவள் எட்டி என் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். “கிளாம்ப்ப விட்டுட்டு இந்தக் கல்லைப் பிடிங்க” என்றாள். விடவே முடியவில்லை. விரல்கள் நான் சொல்வதைக் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சின்ன வயதில் அவள் கையிலிருந்து கத்தரிக்கோலை நான் அப்படித்தான் வாங்குவேன். கல்லில் கால் பட்டது. இருவரும் தவழ்ந்து கரை ஏறினோம்.

அதற்குள் தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரப்பில் ஓடி வந்துவிட்டார். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மகளிடம் கொடுத்தார். “அறிவு வேண்டாமா சார்? நிறுத்தின தண்ணியில யாராவது எறங்குவாங்களா?” என்றார். அவருக்கு அந்த வார்த்தையில் எந்தக் குழப்பமும் இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். மகள் துண்டைத் தோளில் போட்டபடி என் பக்கத்திலேயே வந்தாள். வழக்கமாக என்னைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. யானையைக் கட்டியாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட் அருகில் வந்ததும், “நான் உள்ள விழுந்துட்டேன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நீங்க போயிட்டீங்கன்னு நானும் நெனச்சேன். ஒரு தடவை தலை காணாம போச்சுப்பா” என்றாள். நான் முங்கியதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூப்பிட்டது அதற்குப் பிறகுதானாம். முதலில் குரலே வரவில்லையாம்.

மனைவி சாயங்கால ரயிலில் வந்தாள். கொடியில் என் துணியும் மகள் துணியும் சேற்றுக்கறையோடு தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மறைக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மனைவி தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கா?” என்று கடைசியில் கேட்டாள்.

அப்படியேதான் இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். அதற்குக் கீழே திருப்பனந்தாள் ஆசிரியரின் குறிப்பு ஒன்று வந்திருந்தது: “இன்று ஒற்றுப்பிழை ஏதும் இல்லை. மகிழ்ச்சி.” எனக்குக் குளிர் விட்ட பாடில்லை, கை தட்டச்சுக்கு வரவில்லை. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வரியை அழித்தாள். அந்த இடத்தில் புதிதாக அடித்தாள்: “வாய்க்காலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆழம் அதிகம். நீச்சல் தெரியாதவர்கள் எதற்காகவும் இறங்க வேண்டாம்.”

எதற்காகவும் என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக மாற்றினாள்.

“யாருக்கும்மா இவ்வளவு?” என்றேன். “நம்ம பக்கத்தைப் படிக்கிறதே திருப்பனந்தாள் சார் ஒருத்தர்தான். அவரு எதுக்கு இங்க வந்து எறங்கப் போறாரு?”

“அவருக்கு இல்லப்பா. இந்தப் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து திறந்து பாக்குறது யாரு? நீங்கதானே.”

வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். படித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.